கேஎல் – லண்டன்: 10,605 கி.மீ.யா, 10,543 கி.மீ.யா? 14 மணி நேரம் எங்கே போகுது?

பாயான்லெப்பாஸ் | 2025 அக்டோபர் 8, இரவு 9:40

கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) – ஹீத்ரோ (லண்டன்) தூரம் எங்கே தேடினாலும் 10,605 கி.மீ.யை ஒட்டித்தான் வருது. அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து எக்செலில் நானே போட்டால் 10,543. 62 கி.மீ. எங்கே போச்சு? பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்றுதான் வைத்தேன். டிகிரியை ரேடியனாக மாற்றியாச்சு, அதைக் கேட்காதீங்க.

இன்னொன்று. தூரம் காட்டும் தளங்கள் பயண நேரம் 13 மணி 40 நிமிடம் என்கின்றன, போகவும் வரவும் ஒரே எண். டிக்கெட்டில் போக 14 மணி, திரும்ப 13 மணியை ஒட்டி இருக்கு. எதை நம்புறது? பினாங்கிலிருந்து கிளம்புறவனுக்கு மொத்தம் எவ்வளவு?

செப்பாங்32 | அக்டோபர் 8, இரவு 10:02

ஹீத்ரோவின் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட்டீங்களா?

செப்பாங்32 | அக்டோபர் 8, இரவு 10:15

விவரமாகச் சொல்றேன். கேஎல்ஐஏ வடக்கு 2.7456, கிழக்கு 101.7099. ஹீத்ரோ வடக்கு 51.4700, மேற்கு 0.4543. விமான நிலையம் கிரீனிச் கோட்டுக்கு மேற்கே இருக்கு. 0.4543-ஐ மைனஸ் இல்லாமல் போட்டால் ஹீத்ரோ லண்டனைத் தாண்டிக் கிழக்கே போய் உட்காரும். தீர்க்கரேகை வித்தியாசம் 102.1642 டிகிரி வர வேண்டிய இடத்தில் 101.2556 வரும். அதில் கணக்குப் போட்டால் சரியாக 10,543.

பாயான்லெப்பாஸ் | அக்டோபர் 8, இரவு 10:21

10,605. ஒரு சின்னக் கோடு, 62 கி.மீ.!

கூலிம் கணக்கு | அக்டோபர் 9, காலை 7:30

இந்தக் கணக்கில் வழுக்கும் இடம் இன்னும் இருக்கு. அடுத்து வர்றவங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் சூத்திரம். இரண்டு அட்சரேகையின் சைனையும் பெருக்குங்க. தனியாக, இரண்டு அட்சரேகையின் கொசைனையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்க. இரண்டையும் கூட்டி ஆர்க்கொசைன் எடுத்தால் பூமியின் மையத்தில் விழும் கோணம். கேஎல் – லண்டனுக்குக் கூட்டுத்தொகை மைனஸ் 0.0936 வரும். மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோணம் 90-ஐத் தாண்டிவிட்டது, அதாவது பூமியின் சுற்றளவில் காலுக்கு மேல் போறோம், அவ்வளவுதான். கோணம் 95.37 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. பெருக்கினால் 10,605.

பக்கத்துப் பக்கத்து ஊருக்கு இந்த ஆர்க்கொசைன் வழி வேண்டாம். கோணம் ரொம்பச் சின்னதானால் கொசைன் 1-ஐ ஒட்டிவிடும், தசமத்தின் கடைசி இலக்கங்கள் தேய்ந்துபோகும். அதற்கு ஹாவர்சைன் என்ற இன்னொரு சூத்திரம் நல்லது.

அடுத்தது டிகிரி – நிமிடம் – வினாடி. விமானப் போக்குவரத்து ஆவணங்களில் கேஎல்ஐஏ 2 டிகிரி 44 நிமிடம் 44 வினாடி, 101 டிகிரி 42 நிமிடம் 36 வினாடி என்ற கணக்கில் இருக்கும். இதைப் பார்த்து 2.4444 என்றும் 101.4236 என்றும் தட்டுறவங்க நிறைய. 44 நிமிடம் என்றால் 0.44 டிகிரி இல்லை, 44-ஐ 60-ஆல் வகுக்கணும். இதில் வேடிக்கை என்னன்னா, அட்சரேகைப் பிழை தூரத்தை 26 கி.மீ. கூட்டும், தீர்க்கரேகைப் பிழை 19 கி.மீ. குறைக்கும். ஒன்றையொன்று தின்றுவிட்டு 7 கி.மீ. மட்டும் மிஞ்சும். விடை பார்க்க யோக்கியமாக இருக்கும், பிழை கண்ணில் படாது.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துப் பைதாகரஸ். சென்னைக்குப் போட்டுப் பாருங்க: உருண்டைக் கணக்கில் 2,629, தட்டைக் கணக்கில் 2,632. பரவாயில்லை. அதே வழியில் லண்டனுக்குப் போட்டால் 11,472 கி.மீ. வரும், 867 கி.மீ. அதிகம். தூரம் கூடக் கூடத் தட்டைக் கணக்கு கெட்டுப்போகும்.

முறுக்குமாமா | அக்டோபர் 9, காலை 8:11

நேரக் கேள்விக்கு நான் சொல்றேன். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுத்துது. லண்டனுக்குப் போறப்ப பூமியே நம்மை நோக்கி வருது, சீக்கிரம் போகணும். ஆனா டிக்கெட்டில் தலைகீழா இருக்கு. அப்ப டிக்கெட் தப்பு லா.

செப்பாங்32 | அக்டோபர் 9, காலை 8:25

மாமா, காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுத்துது. ஓடுற ரயிலுக்குள்ளே ஈ பறக்கிற மாதிரி. பூமி சுற்றுவது தனியாகக் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. வித்தியாசம் வர்றது பூமியைவிட வேகமாகக் கிழக்கே ஓடும் காற்றால்: ஜெட் ஸ்ட்ரீம். 30 முதல் 60 டிகிரி அட்சரேகைக்குள், விமானம் பறக்கிற உயரத்திலேயே ஓடுது. குளிர்காலத்தில் அதன் நடுப்பகுதியில் 100 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நம்ம பாதையில் இந்தியாவின் வடக்கைத் தாண்டியதிலிருந்து லண்டன் வரை அதன் ஆட்சிதான். வங்காள விரிகுடா மேலே அவ்வளவு இருக்காது.

செப்பாங்32 | அக்டோபர் 9, இரவு 9:50

உட்கார்ந்து கணக்காகவே போட்டுட்டேன். ஏ350-900 விமானம், மாக் 0.85 (ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு). வெளியே மைனஸ் 54 டிகிரி என்று வைத்தால் ஒலியின் வேகம் ஏறக்குறைய 577 நாட், விமானத்தின் வேகம் 490 நாட், அதாவது மணிக்கு 908 கி.மீ.

காற்றே இல்லாமல், நேர்க்கோட்டில்: 10,605-ஐ 908-ஆல் வகுத்தால் 11 மணி 41 நிமிடம். இது யாருக்கும் கிடைக்காத நேரம்.

நேர்க்கோட்டில் யாரும் விடமாட்டாங்க. சுற்றுக்கு 5 சதவீதம் கூட்டினால் 11,135 கி.மீ. (5 என்பது என் ஊகம், நாளுக்கு நாள் மாறும்.) நேரம் 12 மணி 16 நிமிடம்.

முழுப் பாதைக்கும் சராசரி எதிர்காற்று 35 நாட், 65 கி.மீ. என்று வைங்க. 843 கி.மீ. வேகத்தில் 13 மணி 13 நிமிடம்.

மேலே ஏற, கீழே இறங்க வேகம் குறையும், அதற்கு 15 நிமிடம். கேஎல்ஐஏவில் கேட்டிலிருந்து பின்னால் தள்ளி ஓடுதளம் போக 20, ஹீத்ரோவில் இறங்கி கேட் சேர 10. மொத்தம் 13 மணி 58 நிமிடம். டிக்கெட்டில் உள்ள 14 இதுதான்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை, சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரை. 'பிளாக் டைம்' என்பாங்க. பாயான்லெப்பாஸ் பார்த்த தளம் மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ. வைத்து, மேலே அரை மணி கூட்டுது. 10,605-க்கு அப்படிப் போட்டால் 13:40 வந்துடும். அதற்குக் காற்றும் தெரியாது, திசையும் தெரியாது. போறதுக்குக் கொஞ்சம் குறைவு, வர்றதுக்கு ரொம்ப அதிகம்.

பாயான்லெப்பாஸ் | அக்டோபர் 9, இரவு 10:30

அதே 65 கி.மீ. திரும்பும்போது முதுகில் தள்ளினால், போனதில் இழந்ததை வந்ததில் பிடித்துவிடலாமே?

கூலிம் கணக்கு | அக்டோபர் 9, இரவு 11:05

முழுசா பிடிக்க முடியாது. 11,135-ஐ 973-ஆல் வகுத்தால் 11 மணி 27 நிமிடம். போக 13:13, வர 11:27, கூட்டினால் 24:40. காற்றே இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் 12:16, கூட்டினால் 24:32. எட்டு நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கோம், அதனால். காற்று கூடினால் இந்த நஷ்டமும் வேகமாகக் கூடும்.

முறுக்குமாமா | அக்டோபர் 10, காலை 6:58

அப்ப வர்ற நேரம் 11:27-ம் உங்க முக்கால் மணியும் சேர்ந்து 12:12. டிக்கெட்டில் 13-க்குக் கிட்ட. முக்கால் மணி நேரத்தை யார் சுருட்டினது?

செப்பாங்32 | அக்டோபர் 10, பிற்பகல் 1:20

நல்ல கேள்வி, இதை நான் மேலே விட்டுட்டேன். முதலாவது, கோடையில் பின்காற்று பாதிகூட இருக்காது. அட்டவணை ஒரு பருவம் முழுவதற்கும் ஒரே எண், நல்ல காற்று அடிக்கும் நாளை வைத்துப் போடமாட்டாங்க. இரண்டாவது, ஹீத்ரோவில் புறப்பாட்டு வரிசை. இரண்டே ஓடுதளம், நாள் முழுக்க நிரம்பி வழியும். 20 நிமிடம் அங்கே போதாது. காற்று நன்றாக இருந்தால் அரை மணி முன்னதாகவே செப்பாங்கில் (கேஎல்ஐஏவில்) இறங்கும். இறங்கி, கேட் காலியாகும் வரை காத்திருக்கும், அது வேற கதை.

ஹீத்ரோவுக்கு போகும்போது இருக்கும் இழுபறி வேற மாதிரி. பொவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிக்கின் என்று நான்கு காத்திருப்பு வட்டங்கள். கிழக்கிலிருந்து வர்றவங்க பெரும்பாலும் லாம்போர்ன் அல்லது பிக்கினில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றுவாங்க. இருக்கையின் திரையில் '18 நிமிடத்தில் இறங்கும்' என்ற எண் பத்து நிமிடமாக நகராமல் நின்றால் அங்கேதான் இருக்கீங்க.

தாமான் துன் | அக்டோபர் 10, இரவு 8:44

செப்பாங்32 நாட் கணக்கில் பேசுறார், கணக்கு ஐயா கி.மீ.யில் பேசுறார். கோணம் 95.37-ஐ 60-ஆல் பெருக்கினால் 5,722 கடல் மைல். 10,605-ஐ 1.852-ஆல் வகுத்தால் 5,726. எந்த நாலு மைல் பொய்?

கூலிம் கணக்கு | அக்டோபர் 10, இரவு 9:15

இரண்டும் பொய்யில்லை. ஒரு கடல் மைல் என்பது ஒரு நிமிடக் கோணம் என்று பிறந்தது. 1929-ல் 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்திட்டாங்க. 6,371 ஆரமுள்ள உருண்டையில் ஒரு நிமிடக் கோணம் 1,853 மீட்டரைத் தாண்டும். அந்த ஒரு மீட்டர்ச் சொச்சம்தான் இங்கே நாலு மைலாக வளர்ந்திருக்கு. பூமி துருவத்தில் சப்பையாக வேறு இருக்கு, உருண்டை என்று வைப்பதில் அரை சதவீதம் வரைக்கும் பிசகலாம். ஆக 10,605-ல் கடைசி '5'-க்காகச் சண்டை போட வேண்டாம். தரை மைலில் கேட்டால் 6,590. கடல் மைலையும் தரை மைலையும் கலக்குறவங்களுக்குத்தான் உண்மையான ஆபத்து, 15 சதவீதம் போயிடும்.

பிரிக்பீல்ட்ஸ் | அக்டோபர் 12, மாலை 5:03

அந்த 5 சதவீதச் சுற்று ஏன்? நேர்க்கோடு எது மேலே போகுது?

செப்பாங்32 | அக்டோபர் 12, இரவு 10:40

அக்கா, கேஎல்ஐஏவிலிருந்து 322 டிகிரியில், வடமேற்கே கிளம்பும் கோடு. மலாக்கா நீரிணை, வங்காள விரிகுடா, ஒடிசா, டெல்லிக்குச் சற்று வடகிழக்கு, பெஷாவர் பக்கம், ஆப்கானிஸ்தான். பாதி வழி உஸ்பெகிஸ்தானின் தெற்கு முனையில் வரும், ஏறத்தாழ வடக்கு 38, கிழக்கு 67. பிறகு காஸ்பியன் கடலின் வடகிழக்குக் கரை, தெற்கு ரஷ்யா, கிழக்கு உக்ரைன், போலந்து, ஜெர்மனி. தட்டை வரைபடத்தில் இது வடக்கே வளைந்து தெரியும், உருண்டையில் நூல் பிடித்தால் இதுதான் நேர்.

இதில் எத்தனை கதவு மூடியிருக்கு என்று எண்ணுங்க. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடல். ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவை நின்றது. பாகிஸ்தான் 2019 பிப்ரவரியில் மூடி, ஜூலையில்தான் முழுசாகத் திறந்தது. தெற்கே இறங்கி ஈரான் வழி போகலாம் என்றால், 2025 ஜூனில் அதுவும் மூடியது. அப்போது இன்னும் தெற்கே சவுதி, எகிப்து என்று வளைய வேண்டியிருக்கும். 5 சதவீதம் என்பது நல்ல நாள் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. நீளமான பாதையே சில நாள் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எதிர்காற்று 100 நாட் அடிக்கும் நடுவில் புகுவதைவிட 200 கி.மீ. சுற்றி 30 நாட் காற்றில் போவது லாபம். மணிக்கு 6 டன் வாக்கில் எரியும் விமானத்தில் பத்து நிமிடம் என்றால் ஒரு டன் எரிபொருள்.

பிரிக்பீல்ட்ஸ் | அக்டோபர் 12, இரவு 11:12

கிழக்கு உக்ரைன் என்றதும் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் எம்எச்17 ஞாபகம் வந்தது. 2014 ஜூலை 17, ஆம்ஸ்டர்டாமிலிருந்து நம்ம ஊருக்கு வந்தது. 298 பேர். அதுவும் இந்தக் கோட்டிலேயா?

செப்பாங்32 | அக்டோபர் 12, இரவு 11:30

ஆமாம் அக்கா, கிட்டத்தட்ட இதே கோடு. அன்று அங்கே 32,000 அடி வரைதான் தடை, அது 33,000 அடியில் பறந்தது. அந்தப் பகுதி வான்வெளியை முழுசாக மூடினது அதற்குப் பிறகு.

முறுக்குமாமா | அக்டோபர் 21, காலை 11:00

தீபாவளி பலகாரம் தீர்ந்தது, திரும்பி வந்துட்டேன். பினாங்கு கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே. 325 கி.மீ. கேஎல்லுக்கு, அங்கிருந்து 10,605. ஆக பினாங்குக்காரன் 325 கி.மீ. கூடுதலாகப் பறக்கிறான். சரியா?

கூலிம் கணக்கு | அக்டோபர் 21, இரவு 8:20

மாமா, அதைவிட மோசம். பினாங்கு (வடக்கு 5.297, கிழக்கு 100.277) லண்டனுக்குக் கேஎல்லைவிடப் பக்கம். நேர் தூரம் 10,283. கேஎல் வழியாக 10,930. வித்தியாசம் 647 கி.மீ. தெற்கே 325 இறங்கி, அதே 325-ஐ மறுபடி மேலே ஏறுறாங்க. நேர்க்கோட்டைப் பிடித்தால் கேஎல்லில் கிளம்பின அரை மணிக்குள், பினாங்குக்கு மேற்கே 48 கி.மீ. தள்ளி நீரிணை மேலே போகும். வலது பக்க ஜன்னலில் வீட்டைப் பார்த்துக் கையசைக்கலாம்.

சிங்கப்பூர் வழி போனால் மொத்தம் ஏறத்தாழ 11,500. கேஎல் வழியே மேல்.

பாயான்லெப்பாஸ் | அக்டோபர் 21, இரவு 8:52

தூரம் சரி. நேரம்?

தாமான் துன் | அக்டோபர் 22, காலை 9:37

நேரத்தைத் தின்பது அந்த 647 இல்லை, நடுவில் காத்திருப்பு. பினாங்கு – கேஎல் பிளாக் டைம் ஒரு மணி, காற்றில் இருப்பது 40, 45 நிமிடம்தான். இடைவெளி இரண்டரை மணி, பிறகு 14. ஆக 17 மணி 30. பாயான் லெப்பாஸில் (பினாங்கு விமான நிலையம்) இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பதையும் ஹீத்ரோவில் குடிநுழைவு, பெட்டி, நகருக்குள் போவதையும் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு 22 என்று வைங்க.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா என்பதுதான் முக்கியம்.

ஒரே டிக்கெட் என்றால் பெட்டியைப் பினாங்கிலேயே ஹீத்ரோ வரை டேக் போட்டுடுவாங்க. டேக்கில் கடைசி ஊர் எது என்று கண்ணால் பார்த்துட்டு நகருங்க. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றுவது அவங்க பொறுப்பு.

மலிவுக்காகத் தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது விமானத்துக்கு நீங்க யாரென்றே தெரியாது. மலிவு விமானம் டெர்மினல் 2-ல் இறக்கும், லண்டன் விமானம் டெர்மினல் 1. பெட்டி வரக் காத்திருந்து, எடுத்து, ரயில் ஏறி (மூன்று நிமிடம், 2 ரிங்கிட்), மறுபடி செக்-இன் வரிசை. கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடும். நாலு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் இதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

டெர்மினல் 1-லிருந்து சாட்டிலைட் கட்டடத்துக்கு ஏரோட்ரெயின் என்ற உள் ரயில் 2025 ஜூலை 1 முதல் மறுபடி ஓடுது. பஸ்ஸுக்கு நின்ற காலத்துக் குறிப்புகளை இன்னும் யாராவது பகிர்ந்தால் நம்பாதீங்க.

பட்டர்வர்த்தில் இடிஎஸ் (மின்சார ரயில்) ஏறி கேஎல் சென்ட்ரல் வர்ற வழியும் உண்டு. ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல், பிறகு கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 28 நிமிடம். நேரம் அதிகம், ஆனா மழையால் தாமதம் என்ற பேச்சு குறைவு.

முறுக்குமாமா | அக்டோபர் 23, இரவு 7:15

வர்ற சனிக்கிழமை, 25-ம் தேதி இரவு 11:30-க்கு ஒருத்தர் கிளம்புறார் என்று வைங்க. 14 மணி நேரம் கூட்டினால் நம்ம கடிகாரத்தில் ஞாயிறு பகல் 1:30. லண்டன் 7 மணி பின்னால், ஆக காலை 6:30. இதாவது சரியா?

தாமான் துன் | அக்டோபர் 23, இரவு 7:40

சரி.

தாமான் துன் | அக்டோபர் 23, இரவு 7:58

இல்லை, இல்லை, அழிச்சுடுங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு, 26. அன்று அதிகாலை பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுது. கிளம்பும்போது வித்தியாசம் 7, இறங்கும்போது 8. அதிகாலை 5:30. முந்தின நாள் கிளம்பினவர்தான் 6:30.

கூலிம் கணக்கு | அக்டோபர் 23, இரவு 9:02

இதற்குத்தான் எல்லாவற்றையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிக் கூட்டணும். கேஎல் 23:30 என்றால் யூடிசி 15:30. 14 கூட்டினால் மறுநாள் 05:30. கடைசியில் போய்ச் சேரும் ஊருக்கு, அந்தத் தேதிக்கு உள்ளதைச் சேர்ப்பது: கோடையில் 1, குளிர்காலத்தில் 0. சென்னைக்கு எப்போதும் 5:30, தொல்லையே இல்லை.

பழைய அட்டவணை வைத்து ஒப்பிடுறவங்க கவனிங்க: தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல்தான் 8 மணி. அதற்கு முன் ஏழரை. 'அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து அரை மணி சீக்கிரம் வந்துச்சு' என்பதில் பாதி இந்தக் கடிகாரத்தின் வேலை.

செப்பாங்32 | அக்டோபர் 23, இரவு 9:30

விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணையும் அதே 26-ல்தான் தொடங்குது. கேஎல் புறப்பாடே நகர்ந்திருக்கலாம், பழைய இ-மெயிலை வைத்துக் கிளம்பாதீங்க. ஹீத்ரோவில் இரவு 11:30 முதல் காலை 6 வரை இறங்கும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு, அதனால் அதிகாலை இடங்கள் தங்கம் மாதிரி. பின்காற்று இல்லாத திசை என்றாலும் சில நாள் சீக்கிரம் போய்ச் சேர்ந்து வானத்தில் சும்மா சுற்றுவது இதனால்தான்.

பிரிக்பீல்ட்ஸ் | அக்டோபர் 24, காலை 10:10

கணக்கு எல்லாம் போட்டு, கவுண்டரில் திரும்பி வராமல் இருக்க: மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டனின் இடிஏ (மின்னணுப் பயண அனுமதி) கட்டாயம். 2025 அக்டோபரில் 16 பவுண்டு; இரண்டு வருஷம் செல்லும். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் பழைய இடிஏ செல்லாது, மறுபடி எடுக்கணும்.

பாயான்லெப்பாஸ் | அக்டோபர் 24, இரவு 8:05

எக்செலில் யூடிசிக்கு ஒரு பத்தி சேர்த்தாச்சு. கடைசியா ஒன்று. 10,283 கி.மீ.தானே, பினாங்கிலிருந்து ஏன் நேராக லண்டன் விடமாட்டேங்கிறாங்க? ஓடுதளம் போதாதா?

செப்பாங்32 | அக்டோபர் 24, இரவு 8:31

ஓடுதளம் 3,352 மீட்டர். செப்பாங்கில் உள்ளவை 4 கி.மீ.யை ஒட்டியவை. வெயிலில் முழுப் பாரத்தோடு ஏறக் கொஞ்சம் கணக்குப் பார்க்கணும், ஆனா தடை அது இல்லை. வாரம் நாலு நாளாவது முந்நூறு இருக்கையை நிரப்ப ஆள் வேணும். சென்னைக்கே நேரடி விமானம் 2024 டிசம்பரில்தான் வந்தது.

முறுக்குமாமா | அக்டோபர் 24, இரவு 8:33

வலது பக்க ஜன்னல் என்று சொன்னீங்களே, அது ராத்திரி விமானம். வீடு எங்கே தெரியும்? பாலத்து விளக்குதான் தெரியும்.